நாமே செய்யும் ஆன்டெனா
(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

இளைஞர்க்குப் பயன்படும் அறிவியற் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். நாம் தேர்ந்த பொருள் இதோ மேசைமீது இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் குழாய். அதன் குறுக்கே, கொத்தனாரும் தச்சரும் பயன்படுத்தும் எஃகு அளவுநாடாவின் துண்டுகள். இதனைக் கண்டு சிலர் புன்னகை புரிகின்றீர்கள். இது விளையாட்டுப் பொருள் அன்று. அமெச்சூர் வானொலியார் கையாளும் திசைநோக்கு ஆன்டெனா.

நம்மில் ஐம்பது வயதைக் கடந்தோர் பலர், பிறர் வீட்டுத் திண்ணைக்கு அப்பால் தெருவில் நின்று வானொலி கேட்டவர்கள். அன்று ஒலி நம் காதுக்கு வந்தது. கருவி நம் கைக்கு வரவில்லை. ஆகவேதான் இப்பொருளைத் தேர்ந்தோம்.

அமெச்சூர் வானொலி என்பது, வணிக நோக்கம் சிறிதுமின்றி, கற்கும் ஆர்வத்தால், அரசின் உரிமம் பெற்றுத் தனியொருவர் நடத்தும் வானொலி நிலையம். அதனை ஹாம் வானொலி என்றும் கூறுவர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, பாரதி பிரசாத் அவர்கள் தலைமையில் ஹாம் குழு ஒன்று அந்தமானில் இருந்தது. தொலைபேசிகள் செயலற்ற வேளையில், அக்குழுவின் வானொலி, தீவில் இருந்தோரின் செய்திகளை அவர்தம் உறவினர்க்குக் கொண்டு சேர்த்தது. இக்கல்வியின் பயன் இத்தகையது.

இனி, திசைநோக்கு ஆன்டெனா என்பது யாது? 1980களில் நம் ஊர்க் கூரைகளின் மீது நின்ற தொலைக்காட்சி ஆன்டெனாவைப் பெரியோர் மறந்திருக்க மாட்டீர்கள். ஒருவர் மேலேறிக் கம்பத்தைத் திருப்ப, கீழிருந்து மற்றவர், "இன்னும் கொஞ்சம்! போதும், போதும்!" என்று கூவுவார். அக்கம்பத்தைத் திருப்பியது ஏன்? அது ஒரு திசையில் வரும் அலையைச் சிறப்பாக ஏற்று, ஏனைய திசைகளிலிருந்து வருவதைப் பெரிதும் விலக்கும் இயல்புடையது. வெறும் பல்பு அறை முழுதும் ஒளியைச் சிதறவிடும். அதே பல்பை டார்ச் விளக்கின் குழிந்த கண்ணாடிமுன் வைத்தால் ஒளி நெடுந்தொலைவு செல்லும். பல்பின் ஆற்றல் கூடவில்லை. சிதறாமல் ஒருமுகப்பட்டது, அவ்வளவே.

இவ்வமைப்பு 1926இல் ஜப்பான் நாட்டின் தோகோகு பேரரசுப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பேராசிரியர் ஹிதெட்சுகு யாகியின் ஆய்வுக்கூடத்தில், சோதனைகளைப் பெரும்பாலும் செய்து முடித்தவர் ஷிண்டாரோ உதா. 1928இல் யாகி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை உலகெங்கும் பரவிற்று. அக்கட்டுரையில் உதாவின் உழைப்பை யாகி குறிப்பிட்டிருந்தும், உலகோர் நாவில் யாகி ஆன்டெனா என்னும் பெயரே நிலைத்தது. யாகி-உதா என்று இருவர் பெயரையும் சேர்த்து எழுதுவதே முறையாகும். நீங்கள் அவ்வாறே எழுதுங்கள்.

செய்யும் முறையைக் கூறுவோம். ஹாம் வானொலியார்க்கு நம் நாட்டில் உரிய அலைவரிசைகளுள் ஒன்று 144 முதல் 146 மெகாஹெர்ட்சு வரையிலானது. அதன் நடுவில், 145இல், அலைநீளம் ஏறத்தாழ 207 சென்டிமீட்டர். கோல்களின் நீளம் இதில் பாதியை ஒட்டி அமையும். ஓர் அங்குல அகல அளவுநாடாவில், பின்கோலுக்கு 105 சென்டிமீட்டரும், முன்கோலுக்கு 89 சென்டிமீட்டரும் வெட்டுக. நடுக்கோலுக்கு 45 சென்டிமீட்டர் அளவில் இரு துண்டுகள் வேண்டும். அவை ஒன்றையொன்று தொடலாகாது. இடையே இரண்டரை சென்டிமீட்டர் விடுக. அரை அங்குலப் பி.வி.சி. குழாயின்மீது, பின்கோலிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி நடுக்கோலையும், அதிலிருந்து 32 சென்டிமீட்டர் தள்ளி முன்கோலையும் கிளாம்பு கொண்டு இறுக்குக.

கேபிள் இணைவது நடுக்கோலில் மட்டுமே. கேபிளின் உட்கம்பியை ஒரு துண்டிலும், வெளிப்பின்னலை மற்றொரு துண்டிலும் பற்றவைக்க வேண்டும். 13 சென்டிமீட்டர் செப்புக் கம்பியைக் கொண்டை ஊசிபோல் வளைத்து, அதன் இரு முனைகளையும் அவ்விரு துண்டுகளில் இணைத்திடுக. 50 ஓம் கேபிளோடு ஆன்டெனாவைப் பொருந்தச் செய்வது இவ்வளைவே. பின்கோலும் முன்கோலும் கம்பித் தொடர்பின்றியே அலையை ஏற்று மீண்டும் வீசுகின்றன. அவ்வீச்சு முன்புறம் கூடி வலுப்பெறும். பின்புறம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கருவியோ இலேசானது. வாயிற்படியில் இடித்தாலும் நாடா வளைந்து நிமிரும். ஒரு சிறுமியும் ஒற்றைக் கையால் ஏந்தலாம்.

எம் பள்ளியின் அறிவியல் மன்றத்தில் இதனை முதன்முதலிற் செய்தபோது நிகழ்ந்ததை மறைக்க மாட்டோம். உரிமம் பெற்ற நண்பர் ஒருவர் தம் கருவியுடன் வந்திருந்தார். ஆன்டெனாவை இணைத்தோம், எத்திசையில் திருப்பினும் இரைச்சலே கேட்டது. மாணவர் முகங்கள் வாடின. "கடையில் வாங்கியிருக்கலாம், ஐயா. நாம் செய்தால் இப்படித்தான் ஆகும்" என்றான் ஒருவன். அச்சொல் எம்மை வருத்தியது. அதைவிட, எம் மனமும் ஒரு கணம் அதற்கு உடன்பட்டதே பெரிதும் வருத்தியது.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் வாளாவிருக்கவில்லை. மின்கலத்தையும் சிறு பல்பையும் கொண்டு, கேபிளின் முனைக்கும் நாடாவின் வெட்டிய விளிம்பிற்கும் மின்தொடர்பு உண்டா என்று சோதித்தாள். பல்பு எரியவில்லை. நாடாவின் மஞ்சள் வண்ணத்தைச் சுரண்டாமல், அதன்மேலேயே ஈயத்தை உருக்கி வைத்திருந்தோம்! உப்புத்தாளால் தேய்த்து, எஃகு பளபளத்த பின் மீண்டும் பற்றவைத்தோம். தொலைநிலையம் ஒன்றின் குரல் தெளிவாக எழுந்தது. ஆன்டெனாவை அப்புறம் திருப்பியதும் தேய்ந்தது. பழுது எம் கையில் இல்லை. சுரண்டாத வண்ணத்தில் இருந்தது. பழுதைக் கண்டறிந்தவளின் பெயரை அன்றே மன்றக் குறிப்பேட்டில் எழுதினோம்.

இளைஞர்களே, சில எச்சரிக்கைகள். மின்கம்பிகளின் அருகே ஆன்டெனாவைக் கொண்டு செல்லாதீர்கள். இடி மின்னல் வேளையில் வெளியே ஏந்தாதீர்கள். வெட்டிய நாடாவின் முனை கத்தியை ஒக்கும். அதனை ஒட்டுநாடாவால் மூடுங்கள். உரிமமின்றி ஒலிபரப்புதல் சட்டப்படி குற்றம். உரிமத்திற்கு ஒரு தேர்வு உண்டு. மின்னியலின் அடிப்படையும் விதிமுறைகளும் அத்தேர்வின் பாடங்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர் முயன்று கற்கக்கூடியவையே அவை.

இதே அலைவரிசையில், 145.800 மெகாஹெர்ட்சில், பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் குரலும் வருவதுண்டு. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் அது கடந்து செல்லும் சில நிமிடங்கள், அதனை நோக்கி இக்கோலைத் திருப்பி ஏந்துவோர் உளர்.

நம் கழகம் அடுத்த விழாக் காணும்போது, இவ்வரங்கில் நின்று இப்பொருளைப் பேசுபவர் உங்களுள் ஒருவராக இருத்தல் வேண்டும். முதல் முயற்சியில் ஒலி எழாவிடின், "நாம் செய்தால் இப்படித்தான்" என்று கூறாதீர்கள். உப்புத்தாளை எடுங்கள்.