சீட்டுக்குக் காசு



"பம்பு, வால்வு பார்க்கிறவனுக்கு ஆஸ்பத்திரி விஷயம் எதுக்குடா?" என்று மதியம் சாப்பாட்டு வரிசையில் என் பழைய அறைத்தோழன் கேட்டான். வால்வு பற்றியும் பேசத்தான் போகிறேன்.

1980-களில் கடனில் மூழ்கிய ஆப்பிரிக்க நாடுகள் பல, உலக வங்கியிடமும் ஐ.எம்.எஃப்.பிடமும் போய் நின்றன. கடனோடு நிபந்தனைகளும் வந்தன. அரசுச் செலவைக் குறை என்பது அதில் முக்கியமானது. 1987-ல் மருத்துவச் செலவு குறித்து உலக வங்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. நாலு யோசனை சொன்னார்கள். நோயாளியிடம் கட்டணம் வாங்கு என்பதுதான் முதல் யோசனை.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வீண் கூட்டம் குறையும், வரும் காசில் மருந்து வாங்கலாம். அரசு மருத்துவ நிலையங்களில் மருந்துத் தட்டுப்பாடு இருந்ததும் நிஜம், அதை நான் மறுக்கவில்லை.

கென்யாவில் 1989 டிசம்பரில் கட்டணம் வந்தது. நைரோபியில் பால்வினை நோய்களுக்கான ஓர் அரசு கிளினிக்கில் கணக்கெடுத்தார்கள். கட்டணம் இருந்த ஒன்பது மாதத்தில், ஆண்களின் வருகை முன்பு இருந்ததில் 40 சதவீதமாகவும், பெண்களுடையது 65 சதவீதமாகவும் இறங்கிவிட்டது. வராதவர்களுக்கு நோய் போய்விட்டதா என்ன? எய்ட்ஸ் பரவிக்கொண்டிருந்த ஊர் அது. சிகிச்சை செய்யாத பால்வினைப் புண், எச்.ஐ.வி. கிருமிக்குக் கதவைத் திறந்து வைக்கிற மாதிரி!

1990-ல் கட்டணத்தை நிறுத்தினார்கள். பெண்கள் முன்பைவிட அதிகமாகவே வந்தார்கள். ஆண்களோ 64 சதவீதம்தான். நம்ம வால்வை மூடித் திறந்தால் பழைய ஓட்டம் வந்துவிடும். மனுஷனுக்கு அப்படி இல்லையே!

சரி, வசூலாவது ஆனதா? பல ஆப்பிரிக்க நாடுகளில், சுகாதாரத் துறையின் நடப்புச் செலவில் சுமார் 5 சதவீதம்தான் இப்படிக் கிடைத்தது. ஏழைக்கு விலக்கு உண்டு என்று விதி எழுதினார்கள். யார் ஏழை என்று கவுன்ட்டரில் சீட்டுக் கிழிப்பவர் எதை வைத்து முடிவு செய்வார்?

உகாண்டா 2001-ல் அரசு மருத்துவ நிலையங்களில் கட்டணத்தை ரத்து செய்தது. 2013 மே மாதம் ஜெனீவாவில், அப்போது உலக வங்கித் தலைவராக இருந்த ஜிம் யோங் கிம் பேசினார். அவரே ஒரு டாக்டர். சின்னக் கட்டணம்கூட ஏழைகளை மருத்துவத்திலிருந்து விலக்கிவிடும், அது அநியாயம், அவசியமும் இல்லை என்றார். அறிக்கை வந்து 26 வருஷம் கழித்து!

நைரோபியில் அன்று வராமல் போனவர்களின் பெயர் எந்த ரிஜிஸ்தரிலும் இருக்காது. வந்தவர்களைத்தானே எழுதுவார்கள்?

டீ வந்துவிட்டதாம். மீதியை அங்கே பேசலாம்.