மலையகத்தின் துறைமுகம்

கொட்டகலையில் கடல் இல்லை. ஆனாலும் நமக்கென்று ஒரு துறைமுகம் இருக்கிறது: தலைமன்னார்.

பாடசாலை விடுமுறையில் தோட்டத்துப் பிள்ளைகள் சிலரை அங்கே கூட்டிப்போனோம். கடல்தொழில் செய்யும் ஊர்க்காரர் ஒருவர் முன்னால் நடந்து இடம் இடமாகக் காட்டினார். பழைய இறங்குதுறையின் இரும்புத் தூண்கள் துருவேறித் தகடு தகடாக உரிகின்றன. அலை படும் இடத்தில் சிப்பி அப்பிக் கிடக்கிறது. "கோச்சிய விட்டு இறங்கினா கப்பல்தான் தம்பி" என்றார்.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. அக்கரையில் மண்டபம் முகாமில் சோதித்துத் தோட்ட வேலைக்கு அனுப்பப்பட்ட நம் ஆட்கள் இங்கே இறங்கிக் கோச்சி ஏறினார்கள். அதற்கு முன், கோப்பிக் காலத்தில், தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்களுக்குக் கோச்சி ஏது? கங்காணிக்குப் பின்னால் மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் எத்தனையோ பேரை வழியிலேயே கொண்டுபோயின. 2023இல், மலையகத்தார் வந்த இருநூறாம் ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28இல் புறப்பட்டவர்கள் ஆகஸ்ட் 12இல்தான் போய்ச் சேர்ந்தார்கள். அதுவும் தார் வீதியில். கைப்பிள்ளையோடு காட்டில் நடந்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

பிள்ளைகள் துருவித் துருவிக் கேட்டதோ, இந்தியாவுக்குத் திரும்பிப் போனவர்களைப் பற்றி. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதிவிட்டது. சம்பந்தப்பட்ட மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு இராமேஸ்வரத்துக்குக் கப்பல் போனது. 'ராமானுஜம்' என்ற கப்பலின் பெயர் பெரியவர்கள் வாயில் இன்றும் வரும். நம் ஸ்டேஷன்களில் கட்டிப்பிடித்து அழுது கோச்சி ஏறியவர்கள், தகரப் பெட்டியும் பாய்ச்சுருட்டுமாக இங்கேதான் வந்து நின்றார்கள். அக்கா அங்கே, தங்கை இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. 1984இல் போர் அந்தக் கப்பலையும் நிறுத்தியது.

"எங்க அம்மாயியோட அக்கா போனது இங்க இருந்தா, சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். எந்த வருசம் என்று கேட்டேன். வீட்டில் யாரும் சொன்னதில்லையாம்.

நேயர்களே, உங்கள் வீட்டில் அப்பாயி, அம்மாயி இருந்தால் இன்றைக்கே பக்கத்தில் உட்காருங்கள். போனவர் பெயர், விட்டுப்போன தோட்டம், ஏறிய ஸ்டேஷன், போன வருசம், கடைசியாகக் கடிதம் வந்த ஊர். கொப்பியில் எழுதி வையுங்கள். கூடலூரா, கோத்தகிரியா என்பது தெரிந்தாலே தேடிப் போகலாம்.