தாதியர் ஏன் களைத்துப் போகிறார்கள்?



என் அக்கா சிங்கப்பூரில் தாதியாக இருக்கிறார். காலை ஏழு மணிக்குத் தொடங்கும் வேலை பிற்பகல் மூன்றரைக்கு முடியவேண்டும். ஐந்து மணிக்கு முன் அவர் வார்டைவிட்டு வந்து நான் பார்த்ததில்லை. கோவிட் காலத்தில் ஒரு நாள், "இன்னிக்கு ஒரு பாட்டி இறந்துட்டாங்க. எனக்கு அழுகையே வரல" என்றார். வெறும் களைப்பு என்றே நினைத்தேன்.

2019இல் உலகச் சுகாதார நிறுவனம் பணிச்சோர்வுக்கு விளக்கம் தந்தது. சக்தி வற்றுவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, செயல்திறன் குறைவது. இது நோயல்ல, வேலையிட நெருக்குதலைச் சரியாகக் கையாளாததால் வருவது என்றும் சொன்னது. அப்படியிருக்க, தாதியருக்கு யோகா வகுப்பு மட்டும் நடத்தினால் போதுமா?

2021இன் முதல் ஆறு மாதங்களில் இங்கே சுமார் 1,500 சுகாதாரப் பணியாளர்கள் வேலையை விட்டார்கள். கிருமிப்பரவலுக்கு முன் முழு ஆண்டுக்கே சுமார் 2,000 பேர்தான். 2024இல் அரசாங்கம் 'ஏஞ்சல்' திட்டத்தை அறிவித்தது. தகுதிபெறும் தாதியருக்கு 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை கிடைக்கும். நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அக்கா கேட்பது வேறு. சாப்பிடும் அரைமணி நேரத்தில் யாரும் கூப்பிடக்கூடாது. விடுப்பு நாளில், "ஆள் இல்லை, வரமுடியுமா?" என்று தொலைபேசி ஒலிக்கக்கூடாது. இதற்குக் கூடுதல் ஆள் வேண்டும்.

நம் பங்கும் இருக்கிறது. அப்பா மருத்துவமனையில் இருந்தபோது, தலையணை வரத் தாமதமானதற்கு ஓர் இளம் தாதியிடம் குரலை உயர்த்தினேன். அக்கா என்னை வெளியே அழைத்துப் போனார்.

"அந்தப் பிள்ளை காலையிலேர்ந்து சாப்பிடல, தம்பி."