ஆளைப் பார்க்கும் வரி, பொருளைப் பார்க்கும் வரி



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு எந்தப் பேராசிரியரின் நினைவாக நடக்கிறதோ, அவரிடம் பொதுநிதியியல் படித்தவன் நான். பட்ஜெட் வரும் பிப்ரவரி மாதத்தில் பாடநூலை மூடி வைத்துவிட்டு, நிதியமைச்சரின் உரையைப் பத்தி பத்தியாகப் படிக்க வைப்பார். எந்த வரி அறிவிப்பு வந்தாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "இது யார் வீட்டு அடுப்பைத் தொடுகிறது?" அந்தக் கேள்வியைத்தான் இன்று வருமான வரியிடமும் செலவின் மீதான வரியிடமும் கேட்கப்போகிறேன்.

ஒருவர் சம்பாதிப்பதைப் பார்த்து வரி போடுவதா, அவர் செலவழிப்பதைப் பார்த்துப் போடுவதா என்பது பழைய வழக்கு. 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸ், நுகர்வைப் பார்த்து வரி போடுவதே நியாயம் என்றார். உழைத்துச் சேமிப்பவனிடம் அதிகம் வாங்கி, இருப்பதையெல்லாம் அனுபவித்துத் தீர்ப்பவனிடம் குறைவாக வாங்குவது முறையாகாது என்பது அவர் கட்சி. அதற்கு எதிர்க்கட்சியும் வலுவானது. செலவைப் பார்த்து வரி என்றால், கிடைப்பது முழுவதையும் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் கொடுத்துவிடும் ஏழைதான் தன் முழு வருவாய்க்கும் வரி கட்டுவார். பாதியைச் சேமிக்க முடிந்தவர் பாதிக்கு மட்டும் கட்டுவார்.

இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தைப் பேசாமல் விட்டுவிடுகின்றன. செலவின் மீதான வரி இரண்டு வகை. ஒன்று, கடைக் கல்லாவில் பொருளின் மேல் விழுவது. வாங்குகிறவர் யார் என்று அதற்குத் தெரியாது. மற்றொன்று, ஒருவர் ஓராண்டில் மொத்தமாக எவ்வளவு செலவு செய்தார் என்று கணக்கெடுத்து அந்த ஆள் மேல் விழுவது. நம் நாடு இரண்டையும் செய்து பார்த்திருக்கிறது. முதல் வகையை வளர்த்து நாடு முழுக்கப் பரப்பினோம். இரண்டாவது வகையைச் சில ஆண்டுகளில் கைவிட்டோம். கைவிட்டது தவறு என்பது என் உறுதியான கருத்து.

வருமான வரியில் தொடங்குகிறேன். 1857 எழுச்சிக்குப் பிறகு காலியான கருவூலத்தை நிரப்ப, 1860-இல் பிரிட்டிஷ் இந்திய அரசின் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவுக்கு வருமான வரியைக் கொண்டுவந்தார். அதை வெளிப்படையாக எதிர்த்தவர் சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன். புதிய வரி வேண்டாம், ராணுவச் செலவைக் குறைத்தாலே போதும் என்பது அவர் வாதம். தன் ஆட்சேபத்தைப் பத்திரிகைகளில் வெளியிட்டுவிட்டார். அதற்காக லண்டன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. பின்னர் அவரே கல்கத்தாவில் நிதிப் பொறுப்புக்கு வந்தார். 1865-இல் அந்த வரி காலாவதியானபோது அதைப் புதுப்பிக்கவில்லை. வருமானத்தைப் பார்த்து வரி கேட்பது இன்று நமக்கு இயல்பாகத் தெரிகிறது. அன்று அது ஒரு கவர்னரின் பதவியையே காவு வாங்கிய விஷயம்.

அடுத்தது சென்னை மாகாணத்தின் சொந்தக் கதை. 1930-இல் உப்பு வரியை எதிர்த்து வேதாரண்யத்துக்கு நடந்தவர் ராஜாஜி. உப்பு வரி என்பது செலவின் மீதான வரிதான், அதுவும் மிகக் கொடிய வடிவில். பண்ணையாரும் பண்ணையாளும் ஏறக்குறைய ஒரே அளவு உப்பைத்தான் சாப்பிடுகிறார்கள். அதே ராஜாஜி மாகாணப் பிரதமராக இருந்தபோது 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. கள், சாராய வருமானம் போன இடத்தை நிரப்ப 1939-இல் சென்னை பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. எல்லாப் பொருள்களையும் தழுவிய விற்பனை வரி இந்தியாவில் அதுதான் முதல். விற்றுமுதலில் அரை சதவீதம். மிகச் சிறிய கடைகளுக்கு விலக்கு.

உப்பு வரியை எதிர்த்தவரே விற்பனை வரி கொண்டுவந்ததை முரண்பாடு என்று சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. மதுவிலக்கின் உள்ளே ஒரு பொருளியல் வாதம் இருந்தது. நெசவாளியின் கூலியோ விவசாயக் கூலியின் சம்பளமோ ஒரு காசு உயரவில்லை. ஆனால் வாரச் சம்பளத்தில் வீடு வந்து சேரும் பங்கு உயர்ந்தால் அந்த வீட்டின் வாழ்க்கைத்தரம் உயரும். வருமானம் ஒன்று, வாழ்க்கைத்தரம் வேறொன்று என்பதை ஒப்புக்கொண்டு ஓர் அரசு போட்ட திட்டம் அது. அதற்கான விலையைக் கல்லாவில் வாங்கியதில்தான் எனக்கு வருத்தம். ஏழை வீட்டுக்குத் திரும்பிய பணத்தில் ஒரு சிறு துளி, விற்பனை வரியாகத் திரும்பவும் வெளியே போயிற்று.

இனி இந்த உரையின் மையமான விஷயத்துக்கு வருகிறேன். 1956-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் பொருளியலறிஞர் நிக்கோலஸ் கால்டோர் இந்தியா வந்தார். ஹங்கேரியில் பிறந்தவர். செலவு வரி பற்றிய அவருடைய நூல் முந்தைய ஆண்டுதான் வெளியாகியிருந்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்குப் பணம் தேடிக்கொண்டிருந்த இந்திய அரசுக்கு அவர் வரிச் சீர்திருத்த அறிக்கை ஒன்று எழுதிக் கொடுத்தார். அவர் கேட்டவை ஒன்றோடொன்று பின்னியவை: வருமான வரி, மூலதன ஆதாய வரி, செல்வ வரி, நன்கொடை வரி, செலவு வரி. இதற்கு ஈடாக வருமான வரியின் உச்ச வீதம் சுமார் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு வரிக்குக் கொடுக்கும் கணக்கே இன்னொரு வரிக்குச் சாட்சியாக நிற்க வேண்டும் என்பது அவர் அமைப்பின் உயிர்.

"ஒருவன் என்ன செலவு செய்தான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மளிகைச் சீட்டை எல்லாம் வரி அதிகாரி வாங்கிப் பார்ப்பாரா?" என்று அன்று கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். ஒரு சீட்டும் வேண்டாம். கணக்கைப் பாருங்கள். ஒரு பெரிய மனிதருக்கு ஆண்டுத் தொடக்கத்தில் வங்கியில் 80,000 ரூபாய் இருக்கிறது. அந்த ஆண்டில் வருமானம் 60,000. நிலம் விற்றது 50,000. ஆக 1,90,000. ஆண்டு முடிவில் வங்கியில் 40,000 இருக்கிறது. 30,000-க்குப் பங்குகள் வாங்கியிருக்கிறார். மீதி 1,20,000 எங்கே? வாழ்க்கைக்குப் போயிருக்கிறது. வருமான வரி அதிகாரியின் கண்ணில் இவர் 60,000 ரூபாய் மனிதர். நிஜத்தில் அதைப் போல இரண்டு மடங்கு வாழ்கிறார். பரம்பரைச் சொத்தை விற்று வாழ்பவர், பங்கு ஆதாயத்தில் வாழ்பவர், கணக்கில் காட்டாத பணத்தில் வாழ்பவர் ஆகிய எல்லோரையும் இந்த ஒரு கழித்தல் கணக்கு வெளியே கொண்டுவந்துவிடும்.

இதைச் சட்டமாக்கியவர் சென்னைக்காரர், அன்றைய நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி (டி.டி.கே.). வணிகத்தில் பழுத்த அனுபவத்தோடு அரசியலுக்கு வந்தவர். பணம் எங்கே ஒளியும் என்பது அவருக்குப் பாடநூலைப் பார்க்காமலே தெரியும். 1957 மே மாத பட்ஜெட்டில் செல்வ வரியையும் செலவு வரியையும் அறிவித்தார். செலவு வரி 1958 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்குள், தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளை எல்.ஐ.சி. வாங்கிய விவகாரத்தில் அவர் பதவி விலகியிருந்தார். பெற்றவர் பக்கத்தில் இல்லாமலேயே வளர வேண்டியதாயிற்று அந்தச் சட்டம்.

நாடாளுமன்றத்தைக் கடந்து வந்த சட்டத்தில் ஒரு விதி, திட்டத்தின் அடித்தளத்தையே அரித்துவிட்டது. வரி போக ஆண்டு வருமானம் 36,000 ரூபாயைத் தாண்டாதவருக்குச் செலவு வரியே கிடையாது. யோசித்துப் பாருங்கள். வருமானம் காட்டாமல் ஆடம்பரமாக வாழ்பவரைப் பிடிக்கத்தான் இந்த வரி பிறந்தது. அதன் வாசலிலேயே வருமானச் சான்று கேட்டால், யாரைத் தேடினோமோ அவர்தான் முதலில் தப்பிப்பார். வாசலைக் கடந்தவருக்கு 30,000 ரூபாய் அடிப்படைக் கழிவு. மருத்துவத்துக்கும் திருமணத்துக்கும் ஒரு வரம்பு வரை தனிக் கழிவு. மேல் அடுக்கில் வீதம் 100 சதவீதம். அதாவது ஒரு ரூபாய் செலவு செய்தால் ஒரு ரூபாய் வரி. பார்க்கக் கடுமையான சட்டம். அதன் கைக்குச் சிக்கியவர்கள் சொற்பம். ஆண்டு வசூல் ஒரு கோடி ரூபாயைக்கூட எட்டவில்லை. கால்டோர் கேட்ட அளவுக்கு வருமான வரியும் குறைக்கப்படவில்லை; எனவே அவருடைய பேரத்தில் ஒரு பாதிதான் நிறைவேறியது.

1962-இல் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் அதை ரத்து செய்தார். மறுபடி நிதியமைச்சரான டி.டி.கே. 1964-இல் வீதங்களைக் குறைத்துத் திரும்பக் கொண்டுவந்தார். அவர் போன கையோடு, 1966-இல் அடுத்த நிதியமைச்சர் சச்சீந்திர சௌத்ரி அதைக் கைவிட்டார். இலங்கையிலும் இதே கதி. கால்டோரின் யோசனைப்படி 1959-இல் அங்கே வந்த செலவு வரியும் சில ஆண்டுகளில் போயிற்று. 1970-களில் திரும்ப வந்து, வந்த வேகத்தில் மறைந்தது.

வசூல் குறைவு என்பதுதான் ரத்துக்குச் சொன்ன காரணம். நான் அதை ஏற்கவில்லை. ஓட்டையை நாமே போட்டுவிட்டு, குடம் நிறையவில்லை என்று குடத்தை உடைத்தோம். கால்டோர் கேட்ட வேறு இரண்டு தூண்களும் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. நன்கொடை வரி 1998-இல் போயிற்று. செல்வ வரியை 2015 பட்ஜெட் முடித்து வைத்தது. அவருக்கு முன்பே, 1953-இல் வந்த, இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மீதான எஸ்டேட் வரியும் 1985-இலேயே போய்விட்டது.

கல்லா வரி மட்டும் ஓய்வில்லாமல் வளர்ந்தது. அரை சதவீதத்தில் தொடங்கியது மதிப்புக் கூட்டு வரியாகி, 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. ஆயிற்று. 2022 ஜூலையில் நடந்த ஒன்றை மளிகைக் கடையில் நின்று பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 25 கிலோ வரை லேபிள் ஒட்டிப் பொதிந்த அரிசிக்கு 5 சதவீத வரி வந்தது. சில நாட்களிலேயே 26 கிலோ மூட்டைகள் கடைக்கு வந்துவிட்டன. ஆயிரக்கணக்கில் மொத்தமாகக் கொடுத்து மூட்டை எடுக்க முடிந்த குடும்பத்துக்கு வரி இல்லை. கையில் இருக்கும் காசுக்கு 5 கிலோ பை வாங்கும் அம்மாவுக்கு வரி உண்டு. யாரும் தீய எண்ணத்தோடு எழுதிய விதி இது என்று நான் சொல்லவில்லை. பொருளை மட்டும் பார்த்து ஆளைப் பார்க்காத வரி கடைசியில் இப்படித்தான் போய் முடியும்.

சோப்பு, பற்பசை, ஷாம்பு, தலைக்கு வைக்கும் எண்ணெய் ஆகியவற்றின் மீதான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. மனதார வரவேற்கிறேன். அதே ஆண்டு பட்ஜெட்டில், புதிய வரி முறையில் ஆண்டுக்கு 12 லட்சம் வரை சம்பாதிப்பவருக்கு வருமான வரி இல்லை என்று அறிவித்தார்கள். மாதம் 90,000 வாங்கும் ஒருவர் தன் வருமானத்துக்கு ஒரு ரூபாயும் கட்டுவதில்லை. அவர் அலுவலகத்தைப் பெருக்கும் பெண் ஷாம்பு பாக்கெட்டுக்குக் கட்டுகிறார். பாலுக்கும் காய்கறிக்கும் வரி இல்லை என்பதால் அந்தப் பெண்ணின் சுமை கொஞ்சம் குறையும். அதை மறைக்கக் கூடாது. ஆனால் அவருடைய சம்பளம் முழுதும் மாதத்துக்குள் கடைக்குப் போய்விடுகிறது என்ற உண்மை மாறவில்லை.

செலவு வரியின் பக்கம் பேசுகிறவன் என்ற முறையில் அதன் பலவீனத்தையும் நான்தான் சொல்ல வேண்டும். செலவு கூடினால் வாழ்க்கை உயர்ந்ததாக ஆகாது. மாமனாரின் இதய அறுவைக்காகத் தாலிக்கொடியை அடகு வைத்து மூன்று லட்சம் கட்டிய குடும்பம், அந்த ஆண்டின் செலவுக் கணக்கில் வசதியான குடும்பமாகத் தெரியும். இன்னொரு பக்கம், செலவழிக்காமல் குவித்து வைக்கும் கோடீசுவரர் செலவு வரியில் தப்பிவிடுவார். அதனால்தான் செல்வ வரி பக்கத்தில் நிற்க வேண்டும் என்றார் கால்டோர். செலவு வரியைத் தனியாகக் கொண்டுவந்தால் நானே எதிர்ப்பேன்.

வாழ்க்கைத்தரத்தைப் பணத்தால் அளப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் அது கண்ணெதிரே தெரிகிறது. 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி இந்தியக் கிராமங்களில் ஓர் ஆளுக்கு மாதச் செலவு சராசரியாக 4,122 ரூபாய். தமிழகக் கிராமங்களில் 5,701. நாம் மேலே இருக்கிறோம் என்று மகிழலாம். ஆனால் ரேஷன் அரிசிக்குக் காசு இல்லை; எனவே காசுக் கணக்கில் அது வராது. அதனால் அந்த ஆய்வு, இலவசமாகக் கிடைத்த சில பொருள்களுக்கு மதிப்புப் போட்டுத் தனியாகவும் ஒரு கணக்குக் காட்டுகிறது: அகில இந்தியக் கிராமச் சராசரி 4,247 ஆகிறது. அரசுப் பள்ளிப் படிப்பும் அரசு மருத்துவமனைச் சிகிச்சையும் அந்தக் கணக்கிலும் சேரவில்லை. காசு கொடுத்து டயாலிசிஸ் செய்துகொள்பவர் புள்ளிவிவரத்தில் வளமானவர். அரசு மருத்துவமனையில் இலவசமாகச் செய்துகொள்பவர் எளியவர். உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

வரியைப் பற்றிப் பேசும்போது இதை ஏன் இழுக்கிறேன்? நகரப் பேருந்தில் கட்டணமில்லாமல் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் சில நூறு ரூபாய் மிச்சமாகிறது. அது அவருக்கு வருமானமாகவும் தெரியாது, செலவாகவும் தெரியாது. வாழ்க்கையில் மட்டும் தெரியும். அந்தப் பேருந்தை ஓட்டும் பணம் வரியிலிருந்து வருகிறது. அந்த வரியே அவருடைய சோப்பிலும் அரிசிப் பையிலும் பிடித்ததாக இருந்தால், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொண்டோம் என்று ஆகும். சொகுசாக வாழ்பவரின் மொத்தச் செலவிலிருந்து வந்ததாக இருந்தால்தான் அது மெய்யான உதவி.

1958-இல் அதிகாரிகளிடம் இல்லாத கருவிகள் இன்று இருக்கின்றன. வெளிநாட்டுக்கு அனுப்பும் பணம், பெரிய கார், வீட்டுமனை, கடன் அட்டையில் கட்டும் பெருந்தொகை எல்லாம் பான் எண்ணின் கீழ் ஏற்கெனவே வருமான வரித்துறைக்குப் போய்ச் சேர்கின்றன. கால்டோரின் கழித்தல் கணக்கைப் போட ஒரு குமாஸ்தாகூட வேண்டாம். ஆண்டுக்கு ஒரு குடும்பம் 50 லட்சத்துக்கு மேல் செலவு செய்தால், மிஞ்சிய செலவுக்கு மட்டும், 10 சதவீதத்தில் தொடங்கலாம். மருத்துவச் செலவை முழுதாகக் கழித்துவிடலாம். வருமானச் சான்று கேட்கும் வாசல் மட்டும் இந்த முறை வேண்டாம். செல்வ வரியும் கூடவே திரும்ப வர வேண்டும்.

இந்தக் கல்லூரியின் பொருளியல் துறைக்கு ஒரு வேண்டுகோள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் மாணவர்களை ஊருக்கு அனுப்பி, இருவேல்பட்டு, கங்கைகொண்டான் முதலிய கிராமங்களின் கணக்கை எழுதி வாங்கினார். அந்த ஊர்களுக்குப் பிற்காலத்தில் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். அதனால் ஒரு நூற்றாண்டின் மாற்றம் நமக்குத் தெரிகிறது. நீங்களும் உங்கள் தெருவில் வசதியான வீடு ஒன்றும் கூலி வீடு ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்து வரவு, செலவு, ஒவ்வொரு பில்லிலும் போன வரி, காசு கொடுக்காமல் கிடைத்த அரிசி, பள்ளி, பேருந்து, மருந்து ஆகிய அனைத்தையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். வருமானத்தில் எத்தனை சதவீதம் வரியாகப் போயிற்று என்று இரண்டு வீட்டுக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடைக்கு வருபவர் அந்த நோட்டுகளை வைத்துக்கொண்டு பேசட்டும்.