நம் வீடியோ நம் டிவிடி பிளேயரில் ஓட
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தொடங்கியது நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான். அன்று முதல் நாம் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் கற்றதுதான் அதிகம். அகமதாபாத்தில் சேவா சங்கத்துப் பெண்கள் 1984இலேயே வீடியோ எடுக்கப் பழகினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அவர்களில் உண்டு. இன்றைக்கு நம்ம கையிலும் செல்போன் இருக்கு. கேழ்வரகு விதை நேர்த்தி, மடிநோய் வராமல் பால் கறப்பது எல்லாத்தையும் நாமே எடுக்கிறோம். 2006இல் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தில் டிவியும் வந்தது. பக்கத்தில் ஒரு டிவிடி பிளேயரும் வாங்கி வைத்தோம்.

ஆனா கூட்டத்தன்னைக்குப் பென்டிரைவைச் சொருகினா படம் வரல. கடையில் கேட்டால், "பழசாயிடுச்சு, புதுசு வாங்குங்க" என்றார்கள். அது குழுப் பணம். காரணம் தெரியாமல் தீர்மானம் போடக் கூடாது என்று நான் விசாரித்தேன். தெரிந்துகொண்டதைச் சொல்றேன்.

வீடியோவைச் சுருக்காமல் வைத்தால் 700 எம்பி சிடியில் ஒரு நிமிஷம்கூடக் கொள்ளாது. அதனால் ஒரு காட்சிக்கும் அடுத்ததுக்கும் இடையில் மாறியதை மட்டும் பெரும்பாலும் பதிவு செய்கிறார்கள். சேமிப்புப் பேரேட்டில் பழைய வரவையெல்லாம் வாராவாரம் திரும்ப எழுதுவோமா? அது மாதிரிதான். பழைய விசிடி முறையில் ஒரு சினிமாவுக்கு இரண்டு, மூன்று சிடி வேண்டும். டிவ்எக்ஸ், எக்ஸ்விட் முறையில் முழுப் படமும் ஒரே சிடியில் அடங்கும். புது செல்போன்களின் எச்.264 முறை இன்னும் அதிகமாகச் சுருக்கும். அதைப் பிரித்துப் படிக்கப் பழைய பிளேயருக்குத் தெரியாது. பிளேயர் கெட்டுப் போகல.

ஃபைல் பெயர் கடைசியில் 'ஏவிஐ', 'எம்பி4' என்று இருப்பது டப்பா மேல் ஒட்டிய சீட்டுதான். கடுகு என்று எழுதிய டப்பாவில் மிளகும் இருக்கலாம். சீட்டை மாற்றினால் உள்ளே இருப்பது மாறுமா? பெயரை மாற்றிப் பயனில்லை. சத்தத்தைத் தனியாகச் சுருக்குவதால், சில நேரம் படம் வரும், பேச்சு வராது.

செய்ய வேண்டியது இதுதான். பிளேயரின் முகப்பில் டிவ்எக்ஸ் முத்திரை இருக்கா என்று பாருங்கள். இருந்தால், கம்ப்யூட்டர் சென்டரில் "எக்ஸ்விட் ஏவிஐ, சத்தம் எம்பி3, அளவு 720க்கு 576க்கு மேல் வேண்டாம்" என்று கேட்டு மாற்றி வாங்குங்கள். பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யச் சொல்லுங்கள். அதுக்கு முன்னாடி அதில் இருப்பதை வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். இல்லாட்டி எல்லாம் அழிந்துவிடும். முத்திரை இல்லையென்றால், டிவிடி வீடியோவாகவே டிஸ்க்கில் பதிந்து கேளுங்கள். கூட்டத்துக்கு முந்தின நாளே அதே பிளேயரில் போட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டரில் ஓடினது இங்கேயும் ஓடும் என்று நம்ப வேண்டாம்.

நோட்டீஸைப் படிக்க முடியாத நம்ம உறுப்பினர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். திரை கருப்பாக இருந்தால் அன்றைய பாடம் அவருக்கு மட்டும்தான் கிடைக்காமல் போகும். அதனால் ஊருக்கு ஒரு பெண்ணாவது இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.