செவியில் ஒளிந்திருக்கும் காசநோய்



காசநோய் என்றதும் இருமலும் கோழையுமே நம் நினைவுக்கு வருகின்றன. 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் ராபர்ட் காக் உலகுக்கு அறிவித்த அக்கிருமி நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை, நடுச்செவியிலும் குடிபுகுவதுண்டு. இது அரிய நோய். அரியது என்பதாலேயே மருத்துவர் நினைவில் அது எழுவதில்லை. நோயாளியோ செவிப்புலனை இழந்துவிடுகிறார்.

இருமலில் மேலெழும் கோழை, தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் குழல் வழியே ஏறக்கூடும்; இரத்தத்தின் வாயிலாகவும் கிருமி பரவக்கூடும். செவிப்பறையில் பல துளைகள் விழலாம், சிற்றெலும்புகள் அரிக்கப்படலாம்.

காதில் சீழ் வடிவதை நம் மக்கள் பெரிதாகக் கருதுவதில்லை. சிக்கலும் அங்குதான் தொடங்குகிறது. மூன்று அறிகுறிகள் நம்மை விழிப்படையச் செய்ய வேண்டும். வலியின்றி வடியும் சீழ் வழக்கமான மருந்துகளுக்கு அடங்காமை முதலாவது. சீழின் அளவுக்குப் பொருந்தாத கடும் செவிட்டுத்தன்மை இரண்டாவது. முகத்தின் ஒரு பக்கம் செயலிழத்தல் மூன்றாவது. இவை அனைத்தும் ஒருங்கே தோன்ற வேண்டுமென்பதில்லை. மார்பு எக்ஸ்ரே தெளிவாக இருப்பதால் மட்டும் காசநோய் இல்லையென முடிவு கட்டலாகாது. சீழில் கிருமி தென்படாமற் போவதுண்டு. ஆகவே காதில் வளர்ந்துள்ள திசுவைச் சிறிது எடுத்து ஆய்தல் இன்றியமையாதது.

நோய் உறுதியானால் மருந்துண்டு. ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்புடால் ஆகியவற்றைக் கொண்ட கூட்டுச் சிகிச்சை வழக்கமாக ஆறு மாதம் நீடிக்கும். இதில் ஒரு முரண்பாட்டையும் கவனிக்க வேண்டும். காசநோய்க்குப் பயன்பட்டு வந்த ஸ்ட்ரெப்டோமைசின், அமிக்காசின் போன்ற ஊசி மருந்துகள் உட்செவியையே தாக்கவல்லவை. நோயால் ஒரு காதை இழந்தவர் மருந்தால் மறுகாதையும் இழக்கலாகாது. எனவே, அத்தகைய மருந்து தவிர்க்க இயலாததாகும்போது கேள்வித்திறனை அவ்வப்போது சோதித்தல் கடமையாகும்.

நம் நாட்டில் தேசியக் காசநோய்த் திட்டம் 1962-இல் தொடங்கியது. 2012 முதல் ஒவ்வொரு காசநோயாளி பற்றியும் அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயமாயிற்று. சத்துணவுக்கென 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய உதவித்தொகை, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்தது. செவிட்டுத்தன்மைத் தடுப்புக்கெனத் தனித் தேசியத் திட்டமும் உண்டு. இவ்விரு திட்டங்களும் கைகோக்க வேண்டும். காது நோய்ப் பிரிவில் ஆறாத சீழோடு வருபவரிடம் இருமல் உண்டா, வீட்டில் எவருக்கேனும் காசநோய் இருந்ததா என வினவ வேண்டும். காசநோய்ப் பிரிவிலோ, "காது கேட்கிறதா?" என்ற கேள்வி எழ வேண்டும்.

வகுப்பில் பின்தங்கும் சிறுவனை மந்தமானவன் எனத் தள்ளிவிடுமுன், அவன் காதைப் பாருங்கள். உரிய காலத்தில் கேட்கப்படும் இவ்வெளிய கேள்விகளுக்குச் செலவு ஏதுமில்லை. கேளாது விட்டால் நேரும் இழப்போ வாழ்நாள் முழுதும் தொடரும்.