நம் வீட்டுப் பிள்ளை இறையியல் படிக்கப் போகிறேன் என்றால்…

(தோ பாயோவில் தமிழ்க் குடும்பங்களின் மாலைச் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வேலை முடிந்து, சிலர் சீருடையைக்கூட மாற்றாமல் நேராக இங்கே வந்திருக்கிறீர்கள்.

இன்று என்னைப் பேச அழைத்ததற்குக் காரணம் ஒரு தாயின் கேள்வி. அவர் இங்கேதான் அமர்ந்திருக்கிறார், பெயர் வேண்டாம். அவருடைய மகன் பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்து, தேசிய சேவையும் முடித்துவிட்டான். இப்போது, "அம்மா, நான் இறையியல் கல்லூரியில் சேர்ந்து போதகர் ஆகப் போகிறேன்" என்கிறான். அந்த அம்மா கேட்டது இதுதான்: "நான் சந்தோஷப்படணுமா, பயப்படணுமா?" இரண்டும் வேண்டும் என்பதே என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

இந்தக் கூட்டத்தில் கோயிலுக்குப் போகிறவர்களும் பள்ளிவாசலுக்குப் போகிறவர்களும் இருக்கிறீர்கள். கிறிஸ்தவர் வீட்டு விஷயம் நமக்கு எதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் கோயில் அர்ச்சகரும் கடல் தாண்டித்தானே வருகிறார்! நம் வழிபாட்டை நடத்தும் அறிவை நம் பிள்ளைகள் எங்கே பெறுகிறார்கள், எந்த மொழியில் பெறுகிறார்கள், அதற்கு யாரை உள்ளே விடுகிறார்கள் என்பது நம் எல்லோருக்கும் பொதுவான கேள்வி.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் இதே தோ பாயோவில் லோரோங் 8ல் ஒரு மூவறை வீட்டில் வளர்ந்தவன். வைராவிமட காளியம்மன் கோயில் திருவிழாவின் நாதஸ்வரச் சத்தத்தில்தான் ஞாயிறு பள்ளி வசனங்களை மனப்பாடம் செய்தேன். அப்பா துப்புரவுப் பணியாளர். நான் கப்பல் பட்டறையில் 9 ஆண்டுகள் தொழில்நுட்பராக வேலை பார்த்து, பகுதிநேரமாக ஒரு பட்டம் வாங்கி, 31 வயதில் வெளிநாட்டில் ஓர் ஆங்கிலவழிக் கல்லூரியில் இறையியல் படிக்கப் போனேன்.

போவதற்கு முன் பரிந்துரைக் கடிதத்திற்காக ஒரு சபைக் குழுவின் முன் நின்றேன். எந்தச் சபை என்பது இங்கே தேவையில்லை. அப்பாவும் கூட வந்திருந்தார். என் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டார்கள், கடனைப் பற்றிக் கேட்டார்கள், சரி. பிறகு ஒரு பெரியவர் அப்பாவைப் பார்த்து, "உங்களுக்குப் பூர்வீகம் எந்த ஊர்? அங்கே எந்தத் தெரு?" என்றார். எந்தத் தெரு என்று கேட்டால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்பா தலை நிமிர்ந்து, "தோ பாயோ, லோரோங் எட்டுங்க" என்றார். கடிதம் கிடைத்தது, ஆனால் ஏழு மாதம் கழித்துக் கிடைத்தது.

உறவுகளே, அந்தக் கேள்வி சிங்கப்பூரில் முளைத்ததல்ல. தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறி வந்தது. 1706ல் சீகன்பால்கு என்ற ஜெர்மானிய இளைஞர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து அச்சிட்டார். 1716ல் உள்ளூர்த் தமிழரைச் சபை ஊழியத்திற்குப் பயிற்றுவிக்க ஒரு பள்ளி தொடங்கினார். நம் மக்களுக்கான சீர்திருத்தச் சபை இறையியல் கல்விக்கு அதுவே தொடக்கம் எனலாம். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அன்று ஐரோப்பியர் தமிழ் கற்றுக்கொண்டு வந்து தமிழருக்கு இறையியல் சொன்னார். இன்று தமிழ்ப் பிள்ளை ஆங்கிலத்தில் இறையியல் படித்துவிட்டு, தமிழ்ப் பாட்டிக்கு அதைச் சொல்லத் தெரியாமல் நிற்கிறான். நின்றவன் நான். அதற்குப் பிறகு வருகிறேன்.

1733ல் அந்த மிஷனில் ஆரோன் என்பவர் குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்தச் சபையின் முதல் தமிழ்க் குரு அவரே. அவர் வேளாளர். அதே காலத்தில் இராசநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். தஞ்சை மன்னரின் படையில் சிப்பாயாக இருந்தவர். அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு கையில் கிடைத்து, அதைப் படித்து மனம் மாறி, உபதேசியாராகித் தஞ்சைப் பகுதியில் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். அடுத்த குருவாக அவரை ஏற்படுத்தலாமா என்ற பேச்சு எழுந்தது. ஆனால் அவர் பிறந்தது பறையர் குலத்தில். அவர் கையால் திருவிருந்து வாங்க மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் முன்வரமாட்டார்கள் என்ற அச்சத்தில் மிஷனரிகள் பின்வாங்கினார்கள். 1741ல் குருப்பட்டம் பெற்றவர் தியோகு என்ற வேறொருவர். இராசநாயக்கன் 1771ல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

அவருக்குப் படிப்பு குறைவா? உழைப்பு குறைவா? தெரு சரியில்லை, அவ்வளவுதான். என் அப்பாவிடம் அந்தப் பெரியவர் கேட்டபோது எனக்கு இந்தக் கதை தெரியாது. பிறகு கல்லூரி நூலகத்தில் படித்த அன்று இரவு அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அப்ப நான் சொன்ன பதிலை அவரு சொல்லியிருக்க முடியாதில்ல" என்றார் அப்பா.

இதை மாற்றப் போராடியவர்களும் இறையியல் கல்லூரிகளில்தான் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் நியாயம் செய்தவனாகமாட்டேன். மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. 1969ல் உருவானது. அங்கே தமிழிலேயே இறையியல் படிக்கலாம். மாணவர்கள் படிப்பின் ஒரு பகுதியாக வளாகத்தைவிட்டு வெளியே ஏழை மக்கள் குடியிருப்பில் வாழ்ந்து கற்கிற முறையையும் அங்கே கொண்டுவந்தார்கள். அங்கே ஆசிரியராக இருந்தவர் ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு. எல்லோரும் "பறட்டை அண்ணன்" என்றுதான் அழைப்பார்கள். சபைக்குள் கீர்த்தனைக்கும் மேல்நாட்டு ஞானப்பாட்டுக்கும் மட்டுமே மரியாதை இருந்த காலத்தில், கிராமத்து மெட்டையும் பறையையும் வழிபாட்டிற்குள் கொண்டுவந்தவர் அவர். "ஒரு உலை" என்று ஒன்றைச் சொன்னார். எல்லார் வீட்டு அரிசியும் ஒரே பானையில் வேகட்டும், எல்லாரும் அதிலிருந்து சாப்பிடட்டும், திருவிருந்தின் பொருள் அதுதான் என்றார். இராசநாயக்கன் கையால் வாங்கமாட்டோம் என்றவர்களுக்கு 250 ஆண்டு கழித்து வந்த பதிலாகவே நான் அதைப் பார்க்கிறேன். அவர் 2005ல் மறைந்தார். அவருடைய பாட்டைக் கேட்டுவிட்டு, "இது சாவு மேளம் மாதிரி இருக்கே" என்று முகம் சுளித்தவர்களை நம் ஊரிலும் பார்த்திருக்கிறேன்.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். இங்குள்ள திரினித்தி இறையியல் கல்லூரியின் பிறப்பே ஒரு கதை. ஜப்பானியர் ஆட்சியில் சாங்கி சிறையில் அடைபட்டிருந்த மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், பிரஸ்பிட்டேரியன் தலைவர்கள், வெளியே போனால் ஒன்றாக ஒரு கல்லூரி தொடங்குவோம் என்று சிறைக்குள்ளேயே பேசி முடிவெடுத்தார்கள். 1948ல் சோஃபியா குன்றில் தொடங்கினார்கள். 2001ல் அப்பர் புக்கித் தீமா சாலைக்கு மாறியது. இன்னொன்று 1952ல் தொடங்கிய சிங்கப்பூர் வேதாகமக் கல்லூரி. இரண்டிலும் ஆங்கிலத்திலும் படிக்கலாம், சீனத்திலும் படிக்கலாம். அதற்கு இணையான முழுநேரத் தமிழ்ப் பட்டப்பிரிவு அங்கே இல்லை.

இதை யாரோ நமக்குச் செய்த சதி என்று நான் சொல்லமாட்டேன். மாணவர் எண்ணிக்கை இல்லாமல் ஒரு பிரிவு நடத்த முடியாது என்பது உண்மை. ஆனால் அரசியலமைப்பின் 153ஏ பிரிவு தமிழை நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. மெதடிஸ்ட் திருச்சபையில் ஆங்கிலத்திற்கும் சீனத்திற்கும் இருப்பதுபோல் தமிழ்ச் சபைகளுக்கென்றே இம்மானுவேல் தமிழ் ஆண்டு மாநாடு இருக்கிறது. தோ பாயோவிலேயே தமிழ் மெதடிஸ்ட் சபை இருக்கிறது. சபை தமிழில், ஆனால் அதற்குப் போதகரைத் தயாரிக்கும் வகுப்பு ஆங்கிலத்தில். நடுவில் இருக்கிற பள்ளத்தை யார் நிரப்புவது? ஒன்று, தமிழ்நாட்டிலிருந்து போதகரை வரவழைக்கிறோம். அவர் தமிழ் நன்றாக இருக்கும், ஆனால் நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் தேசிய சேவையும் அவருக்குப் புதிது. அல்லது, நம் பிள்ளையே ஆங்கிலத்தில் படித்துவிட்டு வந்து தட்டுத் தடுமாறுகிறான்.

வீட்டில் தமிழே பேசாத காலத்தில் இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்குள்ள இந்தியரில் 100க்கு 43 பேர் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றார்கள். 2020ல் அது 28. குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் தங்கும் விடுதியில் இருக்கிற நம் ஊழியத் தம்பிமார்கள் இல்லை. அது குடியிருப்பாளர்களின் கணக்கு மட்டுமே. சபைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்கிற அந்தத் தம்பிக்கும், முன் வரிசையில் இருக்கிற பாட்டிக்கும் ஆங்கிலப் பிரசங்கம் எதற்கு?

இப்போது நான் நின்ற கதை. படிப்பு முடித்துத் திரும்பிய முதல் ஆண்டு, இங்கே லோரோங் 1 பக்கம் ஒரு துக்க வீடு. இறந்தவருக்கு நாற்பது வயதிருக்கும், குடும்பத்தில் அவர் மட்டும் ஞானஸ்நானம் பெறாதவர். அடக்கம் முடிந்த மறுநாள் போனேன். அவருடைய தாய் என்னை உட்கார வைத்துக் கேட்டார்: "ஐயா, என் பிள்ளை ஞானஸ்நானம் வாங்காமலே போயிட்டான். அவன் இப்ப எங்க இருப்பான்?"

அந்தக் கேள்வியைப் பற்றி நான் 40 பக்கக் கட்டுரை எழுதியிருக்கிறேன். நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். கிரேக்க வினைச்சொல்லைப் பகுத்திருக்கிறேன். அந்த நேரத்தில் எனக்குத் தமிழில் ஒரு வாக்கியம் வரவில்லை. தலைக்குள் ஓடியதெல்லாம் ஆங்கிலம். கடைசியில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த ஏதோ இரண்டு வரியைச் சொன்னேன். அந்த அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "காப்பி குடிங்க ஐயா" என்று எழுந்து உள்ளே போனார். அந்தக் காப்பியை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்கே தெரியாது.

அன்றிரவு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். கல்லூரியில் எழுதிய கட்டுரைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பாட்டிக்குச் சொல்வதுபோல் தமிழில் எழுத ஆரம்பித்தேன். ஓய்வுபெற்ற ஒரு முதிய உபதேசியார் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தார். "இது பிரசங்கத் தமிழ்டா, பேசுற தமிழா எழுது" என்று அடித்து அடித்து எழுதவைத்தார். சென்னை கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் வெளியிட்ட பழைய இறையியல் நூல்களைத் தேடிப் படித்தேன். இரண்டரை ஆண்டு ஆயிற்று. அந்தத் தாயின் கேள்விக்கான பக்கத்தை எழுதி முடித்தபோது, அவர் ஜொகூரில் மகள் வீட்டிற்குப் போய்விட்டிருந்தார். முகவரி கிடைத்துப் போவதற்குள் அவரும் இல்லை.

ஆகவே, கேள்வி கேட்ட அம்மாவுக்குச் சில நடைமுறைச் செய்திகள். முதுநிலை இறையியல் படிப்புக்கு, எம்.டிவ். என்பார்கள், முதலில் ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். அதன்பின் முழுநேரமாகப் பொதுவாக மூன்று ஆண்டு. தொழிற்கல்லூரிச் சான்றிதழோடு இன்றே ஓடாதே, பட்டத்தை முடி, கொஞ்ச காலம் வேலை பார் என்று மகனிடம் சொல்லுங்கள். அந்த மூன்று ஆண்டும் சம்பளம் இல்லை, மத்திய சேம நிதியில் பணம் ஏறாது, வீட்டுக் கடன் மட்டும் நிற்காது. சபை உதவித்தொகை தருவதாகச் சொன்னால் எவ்வளவு, எத்தனை ஆண்டு, படித்தபின் எத்தனை ஆண்டு ஊழியம் செய்ய வேண்டும், நடுவில் உடம்பு முடியாமல் போனால் என்ன என்பதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். சாமி காரியத்தில் கணக்கா என்று கூச்சப்படாதீர்கள். நம்மைப் போன்ற குடும்பங்கள்தான் அப்படிக் கூச்சப்பட்டுச் சிக்கிக்கொள்கிறோம். பூர்வீகம் எந்தத் தெரு என்று யாராவது கேட்டால், இந்தக் கேள்வி எதற்கு என்று அங்கேயே திருப்பிக் கேளுங்கள்.

மகள் வைத்திருக்கிறவர்களும் கேளுங்கள். மெதடிஸ்ட் சபையில் பெண்களுக்கு முழுக் குருத்துவ உரிமை 1956லேயே கிடைத்துவிட்டது. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்பது சபைச் சட்டத்தில் இல்லை, நம் வாயில்தான் இருக்கிறது.

சபைத் தலைவர்களிடம் நாம் கேட்க வேண்டியது பெரிய கட்டடம் அல்ல. இங்கே படிக்கிற தமிழ் மாணவருக்கு, பட்டத்தின் ஒரு பகுதியாகத் தமிழில் பிரசங்கம் செய்யவும், துக்க வீட்டில் பேசவும், ஒரு கட்டுரையாவது தமிழில் எழுதவும் வழி செய்யுங்கள், அதற்கு மதிப்பெண்ணும் கொடுங்கள் என்கிறோம். விரும்பும் மாணவரை ஆறு மாதம் அரசரடி போன்ற இடத்திற்கு அனுப்புங்கள் என்கிறோம். இதற்கு ஆகும் செலவை ஒரு வருடாந்தர விருந்துச் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

அம்மா, உங்கள் மகனைத் தடுக்காதீர்கள். ஆனால் அவன் விண்ணப்பம் எழுதுவதற்கு முன், அவனுடைய பாட்டி முன்னால் உட்காரவைத்து, தான் ஏன் போதகர் ஆக விரும்புகிறான் என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். திக்கினால் பரவாயில்லை, நானும் திக்கியவன்தான். அடுத்த கூட்டத்திற்கு அவனை அழைத்து வாருங்கள். நான் என் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவருகிறேன்.